ஒரு பக்கம் ஓடுகிறது, மறு பக்கம் உறுமுகிறது: பழைய லேத்தின் ஃபார்வர்டு–ரிவர்ஸ் சுவிட்சைச் சரிசெய்வது

பழைய லேத்தில் மோட்டார் மக்கர் செய்தால் முதலில் பழி விழுவது கெப்பாசிட்டர் மேல், அடுத்தது மோட்டார் மேல். ஹெட்ஸ்டாக் (லேத்தின் இடப்பக்கத் தலைப்பகுதி) ஓரத்தில் எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடக்கும் அந்த ஃபார்வர்டு–ரிவர்ஸ் சுவிட்சை யாரும் சந்தேகப்படுவதில்லை. கைப்பிடியைத் தள்ளினால் "டக்" என்று சத்தம் வருகிறதே, அப்புறம் அதில் என்ன குறை இருக்கப்போகிறது என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படி நினைத்து ஒரே மோட்டாருக்கு இரண்டு கெப்பாசிட்டர் மாற்றியவன்தான். மூன்றாவதை வாங்கக் கிளம்பும்போதுதான் மண்டையில் உறைத்தது: ஃபார்வர்டில் ஜம்மென்று கிளம்புகிற மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் எப்படிக் கெட்டிருக்கும்? இரண்டு பக்கத்துக்கும் அதே கெப்பாசிட்டர்தானே?

அதனால் கீழே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் லேத் என்ன செய்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்க்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. அவற்றை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் வேலை: மூடியைத் திறக்கும் முன்

சுவிட்ச் நடுவில், அதாவது ஆஃபில் இருக்கிறது என்பதற்காக உள்ளே கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. சப்ளை வயர் அந்த டெர்மினல் வரை உயிரோடுதான் வந்து நிற்கும். பிளக் என்றால் பிடுங்கி, உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். நேராக வயரிங் செய்த மெஷின் என்றால் மெயின் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுங்கள். பிறகு மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள், அடுத்து சுவிட்ச் டெர்மினல்களில், மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில். மீட்டர் செத்துப்போய் பூஜ்யம் காட்டியதை நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு.

கெப்பாசிட்டர் இருக்கிற மோட்டார் என்றால், அதன் இரண்டு முனைக்கும் நடுவில் 15 அல்லது 20 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பிடியோடு கட்டி ஒரு பத்து விநாடி வைத்துவிட்டு, வோல்ட் இறங்கிவிட்டதா என்று அளந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து "பட்" என்று வெடிக்கவைக்கிற வழக்கம் வேண்டாம். உள்ளே இருக்கும் இணைப்பும் போகும், ஸ்க்ரூ டிரைவர் முனையும் போகும், சில சமயம் கண்ணும்.

மூடியைத் திறந்ததும் போட்டோ எடுங்கள், நாலு கோணத்தில். ஒவ்வொரு வயரிலும் டேப் சுற்றி, அது எந்த டெர்மினலில் இருந்தது என்று எழுதுங்கள். வயரின் நிறத்தை நம்பவே வேண்டாம். அந்த மெஷினை உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் பிரித்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? கையில் கிடைத்த வயரைப் போட்டு முடித்திருப்பார்கள். பச்சை வயரில் ஃபேஸ் வந்ததை நான் என் மீட்டரிலேயே பார்த்திருக்கிறேன். பழைய ரப்பர் வயர், மேலே துணிப் பின்னல் போட்டது, வளைத்தால் நொறுங்கும். நொறுங்கினால் அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது வேலை: சுவிட்சின் வரைபடம்

மொத்த வேலையின் உயிர்நாடி இதுதான். இணையத்தில் கிடைக்கிற படமும், வேறு யாரோ வரைந்து கொடுத்த படமும் உங்கள் சுவிட்சுக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எல்லா வயரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, மூன்று நிலையிலும் எந்த டெர்மினல் எதனோடு சேர்கிறது என்று பாருங்கள். ஆறு டெர்மினல் என்றால் பதினைந்து ஜோடி, மூன்று நிலைக்கு நாற்பத்தைந்து தடவை தொட வேண்டும். பத்து நிமிஷ வேலை.

கைப்பிடியோடு திரும்பும் உருளையும் அதைத் தொடுகிற செம்பு விரல்களும் கொண்டது டிரம் சுவிட்ச். பழைய டிரம் சுவிட்சுகளில் அதிகம் பார்க்கிற அமைப்பு இது. இரண்டு வரிசையாக ஆறு டெர்மினல்: மேலே 1, 2, நடுவில் 3, 4, கீழே 5, 6. ஃபார்வர்டில் 1–2, 3–4, 5–6 சேரும். ரிவர்ஸில் 1–3, 2–4, 5–6 சேரும். ஆஃபில் எதுவும் எதோடும் சேராது. கவனியுங்கள், 5–6 இரண்டு பக்கத்துக்கும் பொது. மேலே இருக்கிற நாலுதான் திசையை மாற்றுகிறது. உங்களுடையது வேறு மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம், எது பொது, எது மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் கீழே சொல்வதெல்லாம் அப்படியே பொருந்தும்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் திசை மாற வேண்டுமென்றால், ரன்னிங் காயிலை அப்படியே விட்டுவிட்டு ஸ்டார்டிங் காயிலின் இரண்டு முனையை மட்டும் தலைகீழாக்க வேண்டும். அதனால் மோட்டாரிலிருந்து நாலு வயர் வெளியே வந்தாக வேண்டும். ரன்னிங் முனைகளை ர1, ர2 என்றும், ஸ்டார்டிங் முனைகளை ஸ1, ஸ2 என்றும் டேப்பில் எழுதிக்கொள்வது என் வழக்கம். சாதாரணமாக ஓம் குறைவாகக் காட்டுவது ரன்னிங் காயில், அதிகமாகக் காட்டுவது ஸ்டார்டிங். கெப்பாசிட்டர் வரிசையில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டர் திறந்த சர்க்யூட் என்று காட்டும், நீங்கள் காயில் போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

மேலே சொன்ன சுவிட்சில் வயரிங் இப்படி: ஃபேஸ் 5-க்கு. 6-லிருந்து இரண்டு கிளை, ஒன்று ர1-க்கு, இன்னொன்று 2-ஆம் டெர்மினலுக்கு. நியூட்ரல் ர2-க்கும் 3-ஆம் டெர்மினலுக்கும். ஸ1 என்பது 1-இல், ஸ2 என்பது 4-இல். கெப்பாசிட்டரும், வேகம் எடுத்ததும் ஸ்டார்டிங் காயிலைத் துண்டிக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சும் அந்தக் காயிலோடு வரிசையில் இருக்கும். எர்த் வயர் இதில் எங்கும் வெட்டுப்படாமல் நேராகப் பாடிக்குப் போகும். விரலால் வரைந்து பாருங்கள்: ஃபார்வர்டில் ஸ1 ஃபேஸோடும் ஸ2 நியூட்ரலோடும் சேரும், ரிவர்ஸில் ஸ1 நியூட்ரலோடும் ஸ2 ஃபேஸோடும் சேரும். அவ்வளவுதான் ரகசியம். ஸ்டார்டிங் காயில் ஒரு மூலைவிட்டத்தில், சப்ளை இன்னொரு மூலைவிட்டத்தில். இந்த "மூலைவிட்டம்" என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபியூஸ் போகும்போது மறுபடி வரும்.

இனி அறிகுறிகள்.

"இரண்டு பக்கமும் செத்துக் கிடக்கிறது, சத்தமே இல்லை"

ஒரு உறுமல்கூட இல்லை என்றால் ரன்னிங் காயிலுக்கே கரண்ட் போகவில்லை. ஃபியூஸ், எம்சிபி, மோட்டாரில் ஓவர்லோடு பட்டன் இருந்தால் அது, பிளக்கின் உள்ளே திருகு, இவற்றைப் பார்த்துவிட்டு நேராக 5–6 கான்டாக்டுக்கு வாருங்கள். பொதுவான கான்டாக்ட் இதுதான், இரண்டு பக்கமும் இதன் வழியாகத்தான் போகிறது, அதனால் தேய்வதும் இதுதான் முதலில்.

கைப்பிடி நீளமாக ஏப்ரன் (கேரேஜின் முன்பலகை) வரை வந்து, கூடவே வயரும் அசைகிற மெஷினாக இருந்தால், வயரின் உள்ளே செம்பு அறுந்து மேலே இன்சுலேஷன் மட்டும் முழுசாக இருக்கும். மீட்டர் வைத்தால் "பீப்" அடிக்கும், கைப்பிடியைத் தள்ளினால் அடிக்காது. எனவே கன்டினியூட்டி பார்க்கும்போது வயரைப் பிடித்து லேசாக இழுத்து, வளைத்துப் பாருங்கள். அறுந்த இடத்தில் வயர் சவசவ என்று மடங்கும், விரலுக்கே தெரியும்.

"உறுமுகிறது, கிளம்பவில்லை, இரண்டு பக்கமும்"

முதலில் ஆஃப் செய்யுங்கள். உறுமிக்கொண்டு நிற்கிற மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். மூன்று விநாடிக்கு மேல் அப்படி விட்டால் காயிலைச் சமைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெல்ட்டைக் கழற்றி மோட்டார் புல்லியைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங், அதற்கும் சுவிட்சுக்கும் சம்பந்தமில்லை. லேசாகச் சுற்றினால் ஸ்டார்டிங் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இதே கதை என்றால் சந்தேகம் போக வேண்டிய வரிசை: கெப்பாசிட்டர், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச், ஸ்டார்டிங் காயில், கடைசியாகத்தான் டிரம் சுவிட்ச். ஏனென்றால் டிரம் சுவிட்சில் ஃபார்வர்டு கான்டாக்டும் ரிவர்ஸ் கான்டாக்டும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம்.

சென்ட்ரிஃபியூகல் சுவிட்சின் முனைகளில் தூசியும் கரியும் அடைத்து, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் இருக்கும். மோட்டாரின் பின்மூடியைத் திறந்தால் தெரியும். நிற்கும்போது மூடியிருக்க வேண்டும், அதாவது மீட்டர் "பீப்" அடிக்க வேண்டும். கெப்பாசிட்டரை அளக்க, மைக்ரோஃபாரட் காட்டுகிற மீட்டர் வேண்டும். மேலே எழுதியிருக்கும் அளவைவிட வெகுவாகக் குறைந்தாலோ, மேல்பக்கம் உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றுங்கள்.

புல்லியைக் கையால் தட்டிவிட்டு அது தட்டின பக்கமே ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை பிரபலமானது. அது உண்மையைத்தான் சொல்லும், ஆனால் ஓம் மீட்டர் அதையே விரலுக்கு ஆபத்தில்லாமல் சொல்லிவிடும்.

"ஃபார்வர்டு சரி, ரிவர்ஸில் மட்டும் உறுமுகிறது"

என்னை இரண்டு கெப்பாசிட்டர் வாங்கவைத்த அறிகுறி இதுதான். ஒரு பக்கம் கிளம்புகிறது என்றால் கெப்பாசிட்டர், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச், இரண்டு காயில், 5–6 கான்டாக்ட், சப்ளை எல்லாம் நன்றாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது ரிவர்ஸுக்கு மட்டும் உரிய 1–3 கான்டாக்டும் 2–4 கான்டாக்டும்தான். அவற்றில் ஒன்று சேரவில்லை. ஃபார்வர்டில் மட்டும் உறுமினால் 1–2, 3–4. வேறு எங்கும் தேட வேண்டாம்.

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கும் இதே கணக்கு. ஒரு பக்கம் மட்டும் உறுமினால் அந்தப் பக்கத்துக்கான கான்டாக்ட் ஒன்று விட்டுப்போய் மோட்டார் இரண்டு ஃபேஸில் தவிக்கிறது. இரண்டு பக்கமும் உறுமினால் 5–6 அல்லது சப்ளையிலேயே ஒரு ஃபேஸ் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போனால் இன்னும் மோசம், அது நிற்காமல் ஓடும், மிச்ச இரண்டு வயரில் கரண்ட் ஏறும், ஓவர்லோடு ரிலே சரியாக இல்லை என்றால் காயில் எரிந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

என் சுவிட்சில் நடந்தது என்னவென்றால், 2–4 செம்பு விரலின் அடியில் ஒரு சின்ன இரும்புச் சுருள், நகத்தைவிடச் சிறியது, எண்ணெயில் ஒட்டி உட்கார்ந்திருந்தது. விரலை அது தூக்கிப் பிடித்ததால் ஓர் ஓரம் மட்டும் டிரம்மைத் தொட்டது. தொட்ட இடம் மயிரிழை அகலத்துக்குக் கறுத்திருந்தது, மற்ற இடமெல்லாம் புதிதுபோல் பளபளத்தது. மீட்டர் வைத்தால் அழகாகப் "பீப்" அடித்தது. ஏனென்றால் மல்டிமீட்டர் அனுப்புவது மில்லிஆம்பியர் கணக்கில் ஒரு துளி கரண்ட், அந்த மயிரிழை அதற்குப் போதும். மோட்டார் கிளம்பக் கேட்பதோ பல ஆம்பியர்.

இந்த ஏமாற்றைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 12 வோல்ட் பேட்டரி, வண்டிக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்று, இவற்றைக் கான்டாக்டோடு வரிசையில் இணையுங்கள். சுமார் 1.75 ஆம்பியர் ஓடும். இப்போது மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்தக் கான்டாக்டின் இரண்டு டெர்மினலையும் தொடுங்கள். நல்ல கான்டாக்டில் சில மில்லிவோல்ட்தான் இருக்கும். நூற்றுக்கணக்கில் காட்டினால், அல்லது கைப்பிடியை லேசாக ஆட்டும்போது எண் தாறுமாறாகக் குதித்தால், அதுதான் குற்றவாளி. மெயின் கரண்ட் பக்கமே போகாமல் ஒவ்வொரு ஜோடியையும் இப்படிப் பார்த்துவிடலாம்.

"எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே பக்கம் ஓடுகிறது"

நின்ற பிறகு மறுபக்கம் போட்டும் திசை மாறவில்லை என்றால் வயரிங் தப்பு. பெரும்பாலும் யாரோ ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றினால் போதும் என்று நினைத்து, இரண்டு காயிலையும் சேர்த்துத் தலைகீழாக்கியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து திரும்பினால் திசை மாறாது, நாள் முழுக்க மாற்றிப் போட்டாலும் மாறாது. சப்ளை இடத்தைத் தொடாமல் ஸ்டார்டிங் மட்டும் நாலு டெர்மினல் வழியாகப் போகிறதா என்று பாருங்கள்.

மோட்டாரிலிருந்து மூன்று வயர் மட்டும் வந்தால் ஒரு ரன்னிங் முனையும் ஒரு ஸ்டார்டிங் முனையும் உள்ளேயே முடிச்சுப் போட்டிருக்கின்றன. பின்மூடியைத் திறந்து அந்த முடிச்சைத் தேடிப் பிரித்து, நாலாவது வயரை இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். வார்னிஷ் பூசி இறுகிய காயிலில் இது பொறுமை கேட்கும் வேலை. ஸ்லீவ் போட்டு, காயிலோடு சேர்த்துக் கட்டி, ரோட்டரில் உரசாத மாதிரி ஒதுக்கி வையுங்கள். நம்பிக்கை இல்லை என்றால் மோட்டார் வைண்டிங் செய்கிறவரிடம் கொடுத்து "நாலு வயர் வெளியே வேணும்" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும்.

"ஓடும்போதே ரிவர்ஸ் தள்ளினேன், அதே பக்கம்தான் ஓடுகிறது"

இது பழுது இல்லை. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டியதும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் ஸ்டார்டிங் காயிலைத் துண்டித்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் காயிலை நீங்கள் தலைகீழாக்கினால் என்ன, நேராக்கினால் என்ன, மோட்டாருக்குத் தெரியாது. ஆஃபில் விட்டு, வேகம் இறங்கி "க்ளிக்" கேட்டபின், வேலைத்துண்டைப் பிடிக்கும் சக் முழுசாக நின்றபின் தள்ளுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் அப்படிக் காத்திருக்காது, தள்ளிய நொடியே எதிர்ப்பக்கம் பிடித்து இழுக்கும். கியரும் பெல்ட்டும் கதறும். அதைப் பழக்கமாக்காதீர்கள்.

கூடவே ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் லேத்தில் சக்கைத் தாங்கும் ஸ்பிண்டிலின் மூக்கு மரை போட்டதா? பல பழைய லேத்களில் அப்படித்தான், சக் மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும். ரிவர்ஸில் லோடு கொடுத்தாலோ திடீரென்று திசை மாற்றினாலோ சக் தானாகக் கழன்று வரும். கிலோக்கணக்கில் எடை, சுற்றிக்கொண்டே கீழே விழும். சுவிட்ச் சரியானதும் முதல் சோதனையே ரிவர்ஸில் சக்கோடு செய்யும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். சக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

"ஒரு பக்கம் தள்ளினால் ஓடுகிறது, மறுபக்கம் தள்ளினால் ஃபியூஸ் போகிறது"

இந்த அறிகுறி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், இதைப்போல வெளிப்படையாக உண்மையைச் சொல்வது வேறெதுவும் இல்லை. மூலைவிட்டம் தப்பிவிட்டது. ஸ்டார்டிங் காயிலை 1, 4-இல் போடாமல் 1, 3-இல் போட்டு, சப்ளையை 2, 4-இல் கொடுத்திருந்தால், ஃபார்வர்டில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ரிவர்ஸில் 2–4 சேரும், ஃபேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் முட்டும், "டமார்". ஸ்டார்டிங் 1, 2-இல், சப்ளை 3, 4-இல் என்றால் இதற்கு நேர் எதிர், ரிவர்ஸ் ஓடும், ஃபார்வர்டில் வெடிக்கும். வெடித்த கான்டாக்டில் செம்பு உருகி மணியாக நிற்கும், அதை அரத்தால் சமப்படுத்தாமல் மறுபடி போடாதீர்கள்.

இரண்டு பக்கமும் ஃபியூஸ் போனால் வேறு கதை: 6-க்கு அந்தப்பக்கம் எங்கோ ஷார்ட், அல்லது காயில் பாடியைத் தொடுகிறது. எம்சிபி கிளம்பும்போது மட்டும் விழுந்து, மறுபடி போட்டால் சில சமயம் ஓடுகிறது என்றால் எம்சிபி வகையைப் பாருங்கள். மோட்டார் கிளம்பும்போது ஓட்டக் கரண்ட்டைப்போல ஆறேழு மடங்கு இழுக்கும். பி வகை அதற்கு மிரண்டுவிடும், சி வகை தாங்கும். ஆம்பியரை மட்டும் கூட்டிக்கொண்டே போவது தீர்வு இல்லை, வயர் தாங்குமா என்று யார் பார்ப்பது?

"ஓடுகிறது, ஆனால் கரகரவென்று சத்தம், சக்தி இல்லை, கெப்பாசிட்டர் அடிக்கடி வெடிக்கிறது"

வேகம் எடுத்த பிறகும் ஸ்டார்டிங் காயில் துண்டிக்கப்படவில்லை. சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சில விநாடி வேலைக்காகச் செய்தது, தொடர்ந்து கரண்ட் கொடுத்தால் கொதித்து வாயைத் திறக்கும். ஆஃப் செய்து மோட்டார் நிற்கும் வரை காது கொடுங்கள். வேகம் இறங்கும்போது "க்ளிக்" கேட்கவில்லை என்றால் சந்தேகம் உறுதி.

"கைப்பிடிப் பெட்டி சூடாகிறது, கருகல் வாசம், உள்ளே பொறி"

மாற்றும்போது ஒரு சின்னப் பொறி சகஜம். ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே சிரசிரவென்று கேட்டால் அது சகஜம் இல்லை. பாதிக்குமேல் லூஸ் டெர்மினல்தான். திருகை இறுக்குவதற்கு முன்னால் வயர் முனையைப் பாருங்கள், கருகியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி லக் போட்டு இறுக்குங்கள். ஈயம் பூசிய முனையைத் திருகின் அடியில் வைத்தால் நாளாக ஆக ஈயம் நசுங்கி மறுபடி லூஸாகும்.

அடுத்தது கான்டாக்ட். செம்பு என்றால் மேலே படிகிற கறுப்பு கரண்ட்டைத் தடுக்கும், அதை நயமான அரத்தால் அல்லது மிக நயமான உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்க்கலாம். முரட்டு எமரி வேண்டாம், அதன் துகள் செம்பில் புதைந்து உட்கார்ந்துகொள்ளும். வெள்ளி பூசிய கான்டாக்ட் கறுத்திருந்தாலும் கரண்ட்டைக் கடத்தும், அதை அரம் போட்டுத் தேய்த்தால் இருக்கிற வெள்ளியும் போய்விடும், துணியால் துடைத்தால் போதும். தேய்த்த பிறகு தூளை ஊதித் தள்ளாமல் துடைத்து எடுங்கள். உரசுகிற செம்பு டிரம்முக்குப் பெட்ரோலியம் ஜெல்லி ஒரு படலம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு போதும். அதிகமானால் தூசியைப் பிடித்துவைக்கும்.

கான்டாக்ட் விரலின் ஸ்பிரிங் ஒரு தடவை நன்றாகச் சூடானால் விசை போய்த் தொளதொளக்கும். எல்லா விரலையும் ஒரே மாதிரி அழுத்திப் பாருங்கள், ஒன்று மட்டும் மெத்தென்று இருந்தால் அதை வளைத்து நிமிர்த்துவது தற்காலிகம்தான், மாற்ற வேண்டும். டிரம்மின் ஃபைபரில் கரிக்கோடு ஓடியிருந்தால் சுத்தமான பகுதி வரும்வரை சுரண்டி, இன்சுலேட்டிங் வார்னிஷ் பூசுங்கள். ஆழமாகக் கருகியிருந்தால் சுவிட்சுக்கே விடைகொடுங்கள்.

புதிய கேம் சுவிட்ச் வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் பெரிய ஆம்பியரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஹீட்டர் மாதிரி லோடுக்கு, அதாவது ஏசி-1. மோட்டாருக்குப் பார்க்க வேண்டியது ஏசி-3, அங்கே கிலோவாட் கணக்கில் போட்டிருப்பார்கள். சரி, அதையும் வாங்கியதும் முதலில் வரைபடம் எடுத்துவிட்டுத்தான் வயரை மாட்ட வேண்டும்.

"பாடியில் தொட்டால் ஜிவ்வென்கிறது, ஆர்சிசிபி விழுகிறது"

ஓட்டுவதை நிறுத்துங்கள். கரண்ட் கசிந்தால் விழுவதுதான் ஆர்சிசிபியின் வேலை. பிளக்கின் எர்த் பின்னிலிருந்து லேத் பெட் வரைக்கும், மோட்டார் பாடி வரைக்கும், சுவிட்ச் பெட்டி வரைக்கும் தனித்தனியாக ஓம் அளந்தால் ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். எர்த் லக்கின் அடியில் பெயிண்ட் சுரண்டாமல் விட்டிருப்பார்கள், அது ஒன்றே போதும் கோளாறுக்கு. பிறகு 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) காயிலுக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஈரமோ, கரியோ, இன்சுலேஷன் கிழிசலோ இருக்கிறது. பெட்டிக்குள் கூலன்ட் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், கைப்பிடி ஷாஃப்டு வழியாக அது நைசாக உள்ளே வரும்.

"கரண்ட் போய் வந்ததும் லேத் தானாக ஓடுகிறது"

டிரம் சுவிட்ச் வைத்த நிலையிலேயே நிற்கும், கரண்ட் போனது அதற்குத் தெரியாது. நீங்கள் சக்கில் கை வைத்து வேலைத்துண்டைக் கழற்றும்போது கரண்ட் வந்தால்? சப்ளைக்கும் டிரம் சுவிட்சுக்கும் நடுவில் ஸ்டார்ட், ஸ்டாப் பட்டனோடு ஒரு கான்டாக்டர் வையுங்கள். கரண்ட் போனால் அது விழுந்துவிடும், மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஏறும். அழுத்தும் முன் கைப்பிடி நடுவில் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

"விஎஃப்டி போட்டேன், பழைய கைப்பிடியும் வேண்டும்"

விஎஃப்டி என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் டிரைவ். அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் இந்தச் சுவிட்சை வைக்கவே கூடாது. ஓடும்போது இணைப்பை வெட்டினால் டிரைவின் உள்ளே அடிபடும். மோட்டார் வயர் மூன்றும் டிரைவிலிருந்து நேராகப் போகட்டும், டிரம் சுவிட்சின் கான்டாக்டுகளை டிரைவின் ஃபார்வர்டு, ரிவர்ஸ், காமன் டெர்மினல்களுக்கு மட்டும் கொடுங்கள். அங்கே ஓடுவது சில மில்லிஆம்பியர், அந்தத் துளி கரண்ட் செம்பின் கறுப்பைத் துளைத்துக்கொண்டு போகாது, அதனால் கான்டாக்ட் மற்ற வேலைகளைவிட இங்கே இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.

மூடியைத் திருகும் முன்

பெல்ட் இல்லாமல் முதலில் ஓட்டுங்கள், பிறகு பெல்ட்டை மாட்டி ஸ்பிண்டிலின் திசையைப் பாருங்கள். ஃபார்வர்டு என்றால் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும், டெயில்ஸ்டாக்கிலிருந்து பார்த்தால் ஸ்பிண்டில் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். திசை தப்பென்றால் ஸ1, ஸ2 இரண்டையும் இடம் மாற்றினால் போதும், மூன்று ஃபேஸ் என்றால் மோட்டாருக்குப் போகும் எந்த இரண்டு வயரையும். ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு தடவை கிளப்பி, ஒவ்வொரு முறையும் முழுசாக நிற்கவிட்டு, பத்து நிமிஷம் ஓடவிட்டு, கரண்ட்டைத் துண்டித்துவிட்டு டெர்மினல்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்தத் திருகுக்குத் திரும்புங்கள்.

நீங்கள் எடுத்த வரைபடத்தை ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். என் லேத்தின் மூடியிலும் முன்பே ஒரு தாள் இருந்தது, எண்ணெய் ஊறிப் பழுத்து, எழுத்து பாதி அழிந்து. துடைத்துப் படித்தால் அதில் ஸ்டார்டிங் காயில் 1, 3 என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே வேறு மையில், வேறு கையெழுத்தில், "ரிவர்ஸ் போடாதே".